தினம் நாலு நூல் நகர்ந்த சுவர்

என் அக்காவுக்கு நான் பதினெட்டாயிரம் தர வேண்டியிருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. கடனை மறைத்துவிட்டுப் பெருமை பேசுகிறவன் பேச்சு, காற்று குறைந்த டயர் மாதிரி. கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் உட்கார்ந்துவிடும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. இன்று என் பட்டறையில் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள், அதில் இரண்டு பேர் கல்லூரி முடித்தவர்கள். அவர்கள் கணக்கைக் கம்ப்யூட்டரில் போடுவார்கள், நான் மனசுக்குள் போடுவேன். இதுவரை மனசுதான் முந்தியிருக்கிறது. கம்ப்யூட்டர் ஒரு தடவை ஜெயித்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

அப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அவள் இஸ்திரிக் கடைக்கு வேலைக்குப் போனாள். பதினோரு வயதில் நான் ஒரு மரப் பட்டறையில் பசை காய்ச்சப் போனேன். அங்கே இருபது வருஷம். பசையிலிருந்து ரம்பம், ரம்பத்திலிருந்து உளி, உளியிலிருந்து மேஸ்திரி. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன், கை தானாகக் கற்றுக்கொண்டது. எனக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் 'ரசமட்டம்'. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழ் ஓடுமே, தரை சமமாக இருந்தால் நடுவில் வந்து நிற்குமே, அந்தக் கருவிதான். ஒரு மேஜை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் காலுக்கு அடியில் சீவல் வைக்காமல் நகர மாட்டேன். எங்கள் தொழிலில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அந்த எட்டில் ஒன்று தப்பினாலும் என் கண்ணுக்குத் தெரியும், இன்றைக்கும் தெரியும். டாக்டர் எழுதிக்கொடுத்த கண்ணாடி அலமாரியில் தூங்குகிறது.

அந்தப் பட்டறையை விட்டதும் இந்தக் குணத்தால்தான். பணக்கார வீட்டுக்குப் போகிற ஒரு பீரோ. மூலையில் பொருத்து சரியாக உட்காரவில்லை, வெட்டியவன் வேறு ஆள். நான் பிரித்துத் திரும்பச் செய்கிறேன் என்றேன். முதலாளி விடவில்லை.

"இடுக்குல புட்டி வச்சுத் தேய்ச்சுட்டா யாருக்குடா தெரியும்?" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அன்று சாயங்காலமே உளிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். அவர் இதைக் கேட்டுவிட்டு, வாய்க்கொழுப்பு சோற்றுக்கு ஆகாது என்று ஊரே கேட்கிற மாதிரி சொன்னார். அக்கா மறுநாள் பதினெட்டாயிரத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அதில்தான் மரம் இழைக்கிற மெஷின் ஒன்று பழையதாக வாங்கினேன். ஆறு மாதத்தில் தருகிறேன் என்று சொன்னேன். பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

சொந்தப் பட்டறை என்றால் சும்மாவா? வாடகை, கரண்ட், மரம். செய்த வேலைக்கு 'அடுத்த மாசம்' என்கிற ஆட்கள். அத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் கேள்வி, "என்ன முதலாளி, நம்ம காசு வளருதா?" நான் சிரித்துக்கொண்டே இழைப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது, இழைப்புளியால் அவர் வாயையா இழைக்க முடியும்?

அப்போதுதான் அக்காவின் கடை விற்பனைக்கு வந்தது. பத்துக்கு எட்டு அடியில் ஒரே அறை. ஒரு பக்கம் மருந்துக் கடை, மறுபக்கம் டீக்கடை. பதினேழு வருஷமாக அந்த அறையில்தான் அவள் நின்று இஸ்திரி போட்டாள். சுவரில் அவள் தோள் உரசி உரசி ஓர் இடம் பளபளவென்று இருக்கும். அறையின் சொந்தக்காரர் மகனோடு வேறு ஊருக்குப் போகிறார். அக்காவுக்கு முதல் உரிமை தருகிறேன், ஆறு வாரம் கழித்து வருகிற ஒன்றாம் தேதி பத்து மணிக்குள் முழுப் பணமும் வந்தால் அவளுக்கு, இல்லையென்றால் டீக்கடைக்காரருக்கு என்று சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் நடுச்சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்க அப்போதே மனசில் திட்டம் போட்டுவிட்டார். அக்காவிடம் மற்ற பணம் இருந்தது. குறைந்தது பதினெட்டாயிரம்.

என் பட்டறைக்கு வந்தாள். மெஷின் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"தம்பி, ஒண்ணாந் தேதிக்கு முன்னாடி குடுத்தா அது எனக்குக் கடை. அதுக்கப்புறம் குடுத்தா வெறும் பணம்தான்" என்றாள்.

பதினான்கு மாதத்தில் அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான். அத்தான் நூறு தடவை கேட்டதைவிட அது கனமாக இருந்தது.

அந்த வாரமே ஒரு வேலை வந்தது. தெரிந்த பெயிண்டர் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார். சினிமா வேலை. கண்ணாடி போட்ட ஒல்லியான பையன், என்னைவிடச் சின்னவர், அவர்தான் டைரக்டர். படம் முழுக்க ஒரே அறைக்குள் நடக்கிறது, வெளியே ஒரு காட்சிகூடக் கிடையாது, ஒரே ஒரு நடிகர் என்றார். சைக்கலாஜிக்கல் திரில்லர் என்றார்.

"பேய்ப் படமா சார்?" என்று கேட்டேன்.

"பேய் இல்ல மேஸ்திரி. மனசு."

"மனசுக்கு எத்தனை அடி சார்?"

அவர் சிரித்துவிட்டுப் பன்னிரண்டுக்கு ஒன்பது என்றார். எனக்கு அது போதும்.

கதையையும் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணக்கர் தன் அறைக்குள் உட்கார்ந்து தாழ் போட்டுக்கொள்கிறார். தினம் காலையில் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் வருகிறது. என்றைக்கோ அவர் செய்த ஒரு கணக்குத் தப்பு அதில் எழுதியிருக்கிறது, நாளுக்கு நாள் இன்னும் விவரமாக. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. கடைசியில் பார்த்தால் கடிதத்தில் இருப்பது அவருடைய கையெழுத்தேதான். ஒரு கொலை இல்லை, ஒரு அடிதடி இல்லை. இதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. வேலை கொடுக்கிறவர் கதையில் ஓட்டை தேடுகிறவன் பட்டினி கிடப்பான்.

கூலி பேசினோம். முன்பணம் பத்தாயிரம், அது மரத்துக்கும் பிளைவுட்டுக்குமே சரியாகப் போய்விடும். படப்பிடிப்பு முடிகிற அன்று பதினாலாயிரம். அது அடுத்த மாதத்தின் கடைசி நாள். பதினாலில் பெயிண்டருக்கு மூவாயிரம் போனால் எனக்குப் பதினொன்று. அக்காவுக்கு இன்னும் ஏழாயிரம் குறையும். அதை எங்காவது புரட்டிக்கொள்ளலாம் என்று கையில் டேப்பை எடுத்துவிட்டேன்.

இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். என் வாழ்க்கையில் தொழிலில் செய்த ஒரே தப்பு, அதையும் சரியாகச் செய்துதான் தப்பானது.

டைரக்டர் ஒரு வரைபடம் கொடுத்திருந்தார். அதில் தரை இடப் பக்கமாக மூன்று அங்குலம் சரிந்திருந்தது. கதவு நிலையும் அதோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், படித்த பையன், ஸ்கேல் நழுவிவிட்டது போல என்று நினைத்தேன். அவர் மனம் நோகக் கூடாது என்று கேட்கவும் இல்லை. பழைய கிடங்கு ஒன்றில் ஒன்பது நாள் வேலை. தரை பளிங்கு மாதிரி. ரசமட்டம் வைத்தால் குமிழ் நடுவில் சிலை போல நின்றது. தூக்குக் குண்டு விட்டால் கதவு நிலையில் நூல் பிசகவில்லை. ஒரு நாலணாவைத் தரையில் நிற்க வைத்தேன், நின்றது.

டைரக்டர் வந்தார். அறைக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். நான் பாராட்டுக்காகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"இதுல யாரு வேணா நல்லாத் தூங்கலாமே மேஸ்திரி" என்றார்.

"ஆமா சார். அவ்வளவு சுத்தமான வேலை."

"என் ஆளுக்கு இங்க தூக்கம் வரக்கூடாது."

அப்புறம்தான் புரிந்தது. சாய்வு வேண்டுமென்றே போட்டது. பார்க்கிறவனுக்கு என்னவென்று தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் உறுத்த வேண்டும். நான் அந்த உறுத்தலைத் தேடித் தேடி எடுத்து எறிந்திருந்தேன். இரண்டு நாளில் படப்பிடிப்பு. புதிதாகச் செய்ய மரம் இல்லை, மரம் வாங்கக் காசு இல்லை. அவர் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் பெயிண்டர் பக்கம் திரும்பி வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"எனக்கு ஒரு பகல் குடுங்க சார்" என்றேன்.

நேராகச் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் சரியாகக் கோணலாக்கவும் தெரியும். இது என் சொந்தப் பழமொழி. மறுநாள் காலை, மிச்சம் கிடந்த கட்டைகளில் நாற்பது ஆப்பு சீவினேன். அறையின் வலப் பக்கத் தரைக்கு அடியில் வரிசையாக அடித்தேன். ஆணியைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கச் சுவர்களையும் நீளத் துளை போட்டு போல்ட்டில் மாட்டினேன். அறை மொத்தமாக மூன்று அங்குலம் சாய்ந்தது. கதவு நிலையும் தானாகச் சாய்ந்தது. மூன்று மணிக்கு முடிந்துவிட்டது, ஒரு துண்டு மரம் புதிதாக வாங்கவில்லை.

டைரக்டர் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வெளியே போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். வலப் பக்கச் சுவருக்கு இன்னும் முடுக்கவில்லை. சாய்வு இருக்கிறதல்லவா, அந்தச் சுவர் தன் பாரத்தில் தானாக உள்ளே வழுக்கியது. சத்தமில்லாமல், நாலு நூல், அதாவது அரை அங்குலம்.

உள்ளேயிருந்து அவர் குரல். "மேஸ்திரி, என்ன பண்ணீங்க? திடீர்னு மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கு."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தினம் இப்படி நகர்த்த முடியுமா என்று கேட்டார். யோசனை தன்னுடையது என்று அவர் பின்னால் பத்திரிகைக்காரரிடம் சொன்னாராம். சொல்லட்டும். நகர்ந்தது என் சுவர்.

புது ஏற்பாடு இதுதான். தினம் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனதும், இரண்டு பக்கச் சுவரையும் நாலு நாலு நூல் உள்ளே தள்ள வேண்டும். கட்டில் இடச் சுவரோடும் மேஜை வலச் சுவரோடும் சேர்ந்தே நகரும். அறை நாளுக்கு ஒரு அங்குலம் சுருங்கும். இருபது நாள் தள்ளல், ஒரு நாளைக்கு நானூறு. மொத்தம் எட்டாயிரம், அதுவும் கடைசி நாளில். நான் மனசுக்குள் கூட்டினேன். பதினொன்றும் எட்டும் பத்தொன்பது. அக்காவுக்குப் பதினெட்டு, எனக்கு ஒன்று. சுவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. நடிகருக்குத் தெரியக் கூடாது. தெரியாமல் இருந்தால்தான் அந்தத் தவிப்பு முகத்தில் உண்மையாக வரும் என்றார் டைரக்டர். "நீங்க வாய் திறந்தா தள்ளின கூலி கிடையாது மேஸ்திரி" என்றார். வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

நடிகர் அறுபது தாண்டியவர். நாற்பது வருஷம் மேடை நாடகத்தில் இருந்தவர். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரொம்ப நல்ல மனிதர். டீ வந்தால் முதல் கிளாஸை என் பக்கம் நகர்த்துவார். மரக்கட்டைகள் மேல் வந்து உட்கார்ந்து, என் கை ஓடுவதைப் பார்ப்பார். என் கையைப் பார்த்து ரசித்தவர்கள் நிறையப் பேர், ஆனால் அவர் புரிந்து பார்த்தார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் அவர் வசனம் மறக்க ஆரம்பித்தார். மேஜைமேல் முழங்கை இடித்துக்கொள்வார். டைரக்டருக்குச் சந்தோஷம், பிரமாதம் பிரமாதம் என்று குதிப்பார். பெரியவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை. விளக்கு மாற்றுகிற நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை.

"மேஸ்திரி, மேடையில நான் கண்ணைக் கட்டிட்டும் நடப்பேன். எல்லாம் காலடிக் கணக்கு. இந்த ரூம்ல கட்டில்லேர்ந்து மேஜைக்கு மூணு எட்டு. முதல் நாளே எண்ணி வச்சேன். இப்ப ரெண்டு எட்டு வைக்கிறேன், மூணாவதுல மேஜை வந்து இடிக்குது."

நான் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"என் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். "முதல்ல இடம் மறந்துது, அப்புறம் ஆள் மறந்துது. இந்தப் படத்தை எப்படியாவது முடிச்சுக் குடுத்துட்டு நிறுத்திக்கிறேன். வீட்டுக்காரிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். அழுதா."

படத்தை முடித்துக் கொடுத்துவிடுவார். அதனால் நான் பேசாமல் இருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இன்னும் ஒன்பது மதியம் சுவரைத் தள்ளிவிட்டு எட்டாயிரத்தை வாங்கிக்கொண்டு போகலாம். அக்காவின் தோள் பட்ட சுவர் என் கண் முன்னால் நின்றது. டீக்கடைக்காரர் கடப்பாரையோடு அதன் பக்கத்தில் நின்றார். ஆனால் இந்தப் பக்கம் ஒரு மனிதர் தன் புத்தி நேராக இருப்பது தெரியாமல், அது சாய்ந்துவிட்டது என்று உட்கார்ந்திருக்கிறார். சாய்த்தது என் ஆப்பு.

வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். திறக்கவில்லை. இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அறையைக் காட்டினேன். நாளைக்கும் ஒரு தடவை என்று விரலால் காட்டினேன்.

அன்று பிடித்துப் பார்த்தார், எட்டு அடி ஒரு அங்குலம். மறுநாள் காலை பிடித்தார், சரியாக எட்டு அடி. கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லைட் பிடிக்கிற ஆட்கள் பயந்துபோனார்கள். நடிப்புக்குப் பழகுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தார். சாயங்காலம் டேப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் எதையும் அளக்கல மேஸ்திரி" என்றார்.

"நான் எதையும் குடுக்கல ஐயா" என்றேன்.

அதற்கப்புறம் அவர் நடித்த நடிப்பு இருக்கிறதே! பயம் போனவனுக்குத்தான் பயப்படுகிற மாதிரி நடிக்க வரும். படம் வெளியானபோது அத்தானையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். இடைவேளைக்கு முன்பே அத்தான் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, காற்றே வரவில்லை என்று வெளியே போய் நின்றுகொண்டார். நாள் முழுக்க நெரிசல் பஸ் ஓட்டுகிறவர். தியேட்டரில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் வேலைக்கு அதைவிடப் பெரிய பட்டயம் வேண்டாம். அக்கா மட்டும் அசையாமல் பார்த்துவிட்டு, அந்த ஆளோட சட்டைக் காலரில் மடிப்புச் சரியில்லை என்றாள்.

கடைசி நாள் வந்தது. இருபத்தோராம் நாள், மாதக் கடைசி. ஒன்பது அடியில் ஆரம்பித்த அறை ஏழு அடி நாலு அங்குலத்தில் நின்றது. மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. டைரக்டர் மேஜையில் பணக்கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். என் முறை. இருபத்திரண்டாயிரத்தையும் எண்ணி முன்னால் தள்ளினார்.

கையை நீட்டினால் முடிந்தது. பெரியவர் சொல்ல மாட்டார், வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பணக்கட்டு, புட்டி அடைத்த பொருத்து மாதிரி என் கண்ணில் உறுத்தியது.

"சார், பன்னெண்டு நாள் கூலிதான் எனக்குச் சேரும்" என்றேன். "பதிமூணாம் நாள் காலையில பெரியவருக்குத் தெரிஞ்சுபோச்சு. டேப்பைக் குடுத்தது நான்தான். அவருக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சுட்டு இருந்தாரு சார்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டையில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். பெரியவர் தூரத்தில் முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்."

பேசினது பேசினதுதான் என்று சொல்லி, பணக்கட்டிலிருந்து மூவாயிரத்து இருநூறை எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் தன் கணக்கில் நேராகத்தான் இருந்தார். பெயிண்டர் பங்கைக் கொடுத்தேன். என் கையில் பதினைந்தாயிரத்து எண்ணூறு. குறைவது இரண்டாயிரத்து இருநூறு. மறுநாள் காலை பத்து மணிக்குள்.

நான் உளிகளைப் பையில் போடும்போது டைரக்டர் வந்து நின்றார். கொஞ்சம் சங்கடமாக இருந்தார். நாளைக்குக் கிடங்கைக் காலி செய்து கொடுக்க வேண்டும், பிரிக்கிற கூலி கொடுக்கத் தன்னிடம் காசு இல்லை என்றார். "காசுதான் இல்ல மேஸ்திரி, ரூம் இருக்கு. எடுத்துக்கிறீங்களா?"

எடுத்துக்கொள்கிறீர்களாவா! போல்ட்டில் மாட்டிய சுவர், ஒரு மணி நேரத்தில் கழன்றது. பெரியவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. இரண்டு பக்கச் சுவர், கதவு, நிலை எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றினேன். நேராக டீக்கடைக்குப் போனேன். அக்கா கடைக்குப் பக்கத்துக் கடை, அதே டீக்கடை.

டீக்கடைக்காரர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "என்ன ரசமட்டம், நாளைக்குப் பத்து மணிக்கு அந்த ரூம் நம்ம கைக்கு வந்துரும் போல" என்றார்.

"அது வராதுண்ணே. சுவர் வேணும்னா இருக்கு."

அவர் கடையில் அடுப்புப் புகை முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தில்தான் போகும். அடுப்புக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறிப் பிளைவுட்டைத் தட்டிப் பார்த்தார். கதவை ஆட்டிப் பார்த்தார். ஆயிரத்து எண்ணூறு என்றார். ரெண்டாயிரத்து இருநூறு, ஒரு காசு குறையாது, நானே மாட்டியும் தருகிறேன் என்றேன். கிண்டலுக்கு, சினிமாவில் நடித்த சுவருக்கு விலை கூடவா என்று கேட்டார். இருபத்தொரு நாள் நடித்த சுவர் அண்ணே, ஒரு டேக்கிலும் சொதப்பவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே கல்லாவைத் திறந்தார். பணம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறுநாள் விஷயம் தெரிந்ததும், "என் காசை வச்சே என் இடத்தை வாங்கிட்டியேடா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு டீயில் சர்க்கரை அரைக் கரண்டி கூட. அந்தச் சுவர் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, இந்தத் தடவை ரசமட்டம் வைத்து மாட்டியது.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அக்கா கடையில் கடைசிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் வாசலில் உட்கார்ந்திருந்தார். என் கையில் பையைப் பார்த்தும் அவர் வாயைத் திறக்கவில்லை, அன்று ஒருநாள்தான் அப்படி. அக்கா சட்டையை மடித்து வைத்தாள். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். உள்ளங்கையில், கட்டை விரலுக்குக் கீழே, பழைய சூட்டுத் தழும்பு.

"எண்ணி வை" என்றாள்.

ஆயிரம் தாள் பதினைந்தை ஒவ்வொன்றாக வைத்தேன். நூறு தாள் எட்டு. அப்புறம் டீக்கடைப் பணம், நூறு பதினைந்து, ஐம்பது பன்னிரண்டு, பத்து ஒன்பது. எல்லாம் டீத்தூள் வாசம். மிச்சம் பத்துக்கு ஒரு ரூபாய்ச் சில்லறைதான் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினேன். அத்தானும் கூடவே முணுமுணுத்து எண்ணினார். பத்தாவது நாணயத்தைத் தாள்களின் மேல் வைத்தேன். அது ஆடாமல் நடுவில் உட்கார்ந்தது.